இரண்டு கிலோ இலை

ஒரே செடிக்கு நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் சூட்டியவர்கள் நம்மவர்கள். வருடம் முழுவதும் பூப்பதால் ஒரு பெயர். நீரூற்ற ஆளில்லாத கல்லறை ஓரங்களிலும் தானாக முளைத்துப் பூப்பதால் இன்னொரு பெயர். சங்கப் பாடல்களின் பூக்களில் இதைத் தேடிப் பயனில்லை. செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி வெப்ப நாடுகள் அனைத்திலும் இறங்கி, இறங்கிய இடத்திலெல்லாம் உள்ளூர்க்காரன் போலவே நடந்துகொண்ட செடி அது. வந்தேறிக்கு இத்தனை தமிழ்ப் பெயர்கள் கிடைத்திருப்பது வியப்புத்தான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள் என்பது நகரத்து வாசகர்கள் பலருக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்திலும் அந்தப் பயிர் உண்டு. எங்களில் ஒருவருடைய தந்தை, சாத்தூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கரில் பல வருடங்களாக அதை விதைத்து வருகிறார். பொடி விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். ஐப்பசி மழை போதும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம். ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலையை உருவி நிழலில் காயவைப்பார்கள். வருடக் கடைசியில் செடியைப் பிடுங்கி வேரையும் உலர்த்துவார்கள். வியாபாரியின் வேன் வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்ற கேள்விக்கு ஊரில் பொதுவாக வழங்கிய விடை 'மருந்துக்கு' என்ற ஒற்றைச் சொல்தான். கூடுதலாகக் கேட்டால் 'வெளிநாட்டு மருந்துக்கு' என்பார்கள்.

அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்கு விளங்கியது மகளின் ஐந்தாவது வயதில். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே நீலநீலமாகத் தடிப்புகள் தோன்றின. ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் எங்களை உட்காரச் சொன்னார். லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்று. குழந்தைகளுக்கு வருகிற புற்றுகளில் அதுவே மிகுதி. நன்கு கட்டுப்படுவதும் அதுவே என்றார். முதல் மாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு ஊசிகள், பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும் என்று தாளில் கட்டம் போட்டுக் காட்டினார். கட்டங்களில் இருந்த மருந்துப் பெயர்களில் முதலாவது வின்கிரிஸ்டின்.

எங்களில் ஒருவர் கல்லூரியில் வேதியியல் படித்து மறந்தவர். மற்றவர் தமிழ் படித்தவர். இருவருக்கும் வாசிக்கிற பழக்கம் மட்டும் பொது. அதுவரை சிறுபத்திரிகைகளையும் மொழிபெயர்ப்பு நாவல்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், மருத்துவமனைத் தாழ்வாரத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து மருந்து அட்டைகளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசிக்கத் தொடங்கினோம். சோகக் கதை சொல்லும் நோக்கம் இங்கே இல்லை. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். கணக்குப் பாடத்தோடு மட்டும் சண்டை. அந்த இரண்டரை வருடங்களில் நாங்கள் வாசித்த ஒரு மூலக்கூறின் கதையைச் சொல்வதற்கே இதை எழுதுகிறோம்.

வின்கிரிஸ்டின் நிறமற்ற திரவம். நரம்பில் ஏற்றி முடிக்க ஒரு சில நிமிடங்கள் போதும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பதற்கு நுண்ணிய குழல்களால் ஒரு சாரம் கட்டப்படுகிறது. டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கி அடுக்கிக் கட்டுகிற சாரம் அது. வின்கிரிஸ்டின் அந்தச் செங்கல்லைப் பிடித்துக்கொள்கிறது. சாரம் எழும்புவதில்லை, அணு பாதி வழியில் நின்று மடிகிறது. வேகமாகப் பெருகும் புற்றணுக்களே முதலில் விழும் என்பது கணக்கு. ஆனால் அதே நுண்குழல்கள் நரம்பிழைகளுக்குள்ளும் நெடுக ஓடுகின்றன. ஆறாவது ஊசிக்குப் பிறகு மகளின் காலில் செருப்பு நிற்கவில்லை. முன்பாதம் தொங்கியது, படியேறும்போது தடுக்கியது. தாடை வலிக்கிறது என்று அழுதாள். மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், கால் துள்ளாது. அளவைச் சற்றுக் குறைத்தார், பின்னர் கூட்டினார். முதுகுத்தண்டில் ஏற்றும் ஊசி வேறொரு மருந்துக்கானது. அங்கே தவறியும் இதை ஏற்றிவிட்டால் உயிர் தப்புவது அரிது என்பதால் இதன் உறையில் அதற்கென்றே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் நாங்களும் ஒருமுறை வாசித்தோம். செவிலியர் சிரிப்பார், தடுத்ததில்லை.

மருந்தின் பிறப்பிடம் எங்கள் செவல் காடு என்பதை அட்டையில் இருந்த ஒரு வரியே சொல்லிற்று. கேத்தராந்தஸ் ரோசியஸ் என்ற தாவரத்திலிருந்து பெறப்பட்டது என்று போட்டிருந்தது. தாவரவியல் பெயரைத் தேடிப் பார்த்தபோது திரையில் வந்தது ஐந்து இதழ்ப் பூ. ஊரில் நாங்கள் மிதித்துக்கொண்டு நடந்த அதே ரோஸ் நிறம்.

அதன் கண்டுபிடிப்பு தற்செயலில் பிறந்தது. 1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. அதற்குள் இருபத்தைந்து இலைகள். அங்கே நீரிழிவுக்கு இதைக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று குறிப்பு. அவர் அதைத் தம் சகோதரரும் ஆய்வாளருமான ராபர்ட் நோபிளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசி மூலம் ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் தொற்று கண்டு செத்தன. அத்தோடு மூடிவைத்திருக்கலாம். ஏன் செத்தன என்று ராபர்ட் நோபிள் பார்த்தார்: வெள்ளணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. வெள்ளணுக்களைச் சரிக்கிற பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு ஆகாதா? வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அவரோடு சேர்ந்த வேதியியலாளர் சார்ல்ஸ் பியர் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1958இல் வின்பிளாஸ்டின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழுவும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்ததே வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு நைட்ரஜன் அணுவோடு ஒட்டியிருக்கும் சிறு தொகுதி மட்டுமே. ஒன்றில் மெத்தில், மற்றதில் ஃபார்மில். அவ்வளவு சிறிய மாற்றம், ஒன்றை ஒரு வகைப் புற்றுக்கும் மற்றதை இன்னொரு வகைக்கும் மருந்தாக்கியிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. பல மருந்துகள் சேர்ந்து செய்த வேலைதான் அது. ஆனால் கட்டத்தின் முதல் பெயர் மாறவேயில்லை.

இந்தக் கதையை ஊரில் சொன்னபோது நாங்கள் எதிர்பாராத இரண்டு விளைவுகள் ஏற்பட்டன.

முதலாவது, உறவினர்கள் நித்தியகல்யாணி இலையை அரைத்துக்கொண்டு வந்தது. 'அதே இலைதானே, ஊசி எதுக்கு? பச்சையாக் குடுத்தா இன்னும் வேகமா வேலை செய்யுமே' என்று பெரியம்மா ஒருவர் டம்ளரோடு நின்றார். அன்பினால் நின்றவரிடம் கோபிக்க முடியாது. டம்ளரை வாங்கவும் முடியாது. அந்த இலையில் 130க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை உண்டு. இன்னும் பல உண்டு. வின்பிளாஸ்டின் அதில் ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. வின்கிரிஸ்டின் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. வேண்டியது ஒரு துளிக்கும் குறைவாக, வேண்டாதது டம்ளர் நிறைய. மேலும் இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையில் இருப்பது ஒரு மயிரிழை. உடலின் பரப்பளவைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு, அதற்கு ஒன்றரை மில்லிகிராம் வீதம் அளக்கிறார்கள். இதையெல்லாம் பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்வது? 'டாக்டர் திட்டுவாரு பெரியம்மா' என்றோம். அது வேலை செய்தது. இணையத்தில் இந்தச் செடியின் சாற்றைப் புற்றுக்கு மருந்தாகப் பரப்புகிறவர்கள் பெரியம்மாவைப் போல அன்பினால் செய்கிறவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது விளைவு மகளின் தாத்தாவுடையது. அவர் கணக்குப் பார்க்கிற மனிதர். 'மாப்ளே, ஒரு ஊசிக்கு எம்புட்டு இலை?' என்றார். உட்கார்ந்து கணக்கிட்டோம். ஒரு கிராம் வின்கிரிஸ்டினை நேரடியாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 2000 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்பிளாஸ்டின் என்றால் 500 கிலோ. மகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். அதாவது ஊசி ஒன்றுக்கு இரண்டு கிலோ இலை. மொத்தம் 31 ஊசிகள், வளர வளர அளவும் ஏறியது. சுமாராக 34 மில்லிகிராம், 68 கிலோ. நடைமுறையில் தொழிற்சாலைகள் இவ்வளவு நேர்வழியில் போவதில்லை. இலையில் மிகுதியாகக் கிடைக்கும் வேறு இரு பொருள்களை எடுத்து ஆய்வகத்தில் இணைத்து வின்பிளாஸ்டினாக்கி, அதை ஆக்சிஜனேற்றி வின்கிரிஸ்டின் ஆக்குவதும் உண்டு. அப்போது இலையின் தேவை குறையும். அதையும் சொன்னோம். தாத்தா அந்தப் பிற்சேர்க்கையைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'அறுவத்தெட்டு கிலோ. அப்ப ரெண்டு மூணு சாக்கு' என்றார். அந்த வருடம் இலை உருவும்போது கூலி ஆட்களிடம், பழுத்த இலையைச் சேர்க்காதீர்கள் என்று வழக்கத்தைவிடக் கண்டிப்பாகப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் நிலத்து இலை எந்தக் கண்டத்தின் எந்தக் குழந்தைக்குப் போனதோ.

ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. செடி ஏன் இத்தனை கஞ்சத்தனம் செய்கிறது? எங்களைப் பல இரவுகள் விழிக்கவைத்த கேள்வி இது. அதற்கான விடையை வாசிக்க வாசிக்க, கஞ்சத்தனம் என்ற சொல்லே பொருந்தாது என்று தோன்றிற்று.

செடி நமக்காக மருந்து செய்யவில்லை. புழுவுக்காக நஞ்சு செய்கிறது. இரு எளிய பொருள்களில் வேலை தொடங்குகிறது. ஒன்று டிரிப்டமைன், அமினோ அமிலத்திலிருந்து வருவது. மற்றது செகோலோகனின், வாசனைத் தைலங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஜெரானியாலில் இருந்து வருவது. இரண்டும் சேர்ந்து ஸ்டிரிக்டோசிடின் ஆகிறது. செடியின் அத்தனை இண்டோல் ஆல்கலாய்டுகளுக்கும் அதுவே தாய். அணுவின் வாக்குவோல் என்ற பையில் அது சர்க்கரை மூடியிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூடியைக் கழற்றும் நொதியோ அணுவின் உட்கருவில் இருக்கிறது. புழு கடித்து அணு உடையும்போதுதான் இரண்டும் சந்திக்கும்; சந்தித்த கணத்தில் நஞ்சு பிறக்கும். ஒரே வீட்டில் மருந்துப்பொடியை ஓர் அறையிலும் திரியை இன்னோர் அறையிலும் வைத்திருக்கும் வாண வேடிக்கைக்காரரைப் போல.

இந்தத் தனித்தனி அறைகள் ஏற்பாடு இலை முழுவதும் விரிகிறது. ஜெரானியாலின் முதல் கட்டங்கள் இலை நரம்பை ஒட்டிய அணுக்களில் நடக்கின்றன. நடுக்கட்டங்கள் மேல்தோல் அணுக்களில். வின்டோலின் என்ற பொருளாக முடியும் கடைசிக் கட்டங்கள் பால் வடியும் அணுக்களிலும், இடியோபிளாஸ்ட் எனப்படும் தனித்த அணுக்களிலும். ஒரு மூலக்கூறு முழுமை பெறுவதற்குள் மூன்று வகை அணுக்களைக் கடந்து நடக்க வேண்டியிருக்கிறது. வின்பிளாஸ்டின் என்பது வின்டோலினும் கேத்தராந்தைனும் கைகோத்த இரட்டை மூலக்கூறு. கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ டி லூகாவின் குழு 2010இல் ஒன்றைக் காட்டியது: கேத்தராந்தைன் பெரும்பாலும் இலையின் வெளிப்புற மெழுகுப் பூச்சில் கிடக்கிறது, வின்டோலின் இலைக்குள்ளே இருக்கிறது. கணவன் திண்ணையில், மனைவி அடுக்களையில். குழந்தை எப்படிப் பிறக்கும்? இரட்டை மூலக்கூறின் அருமைக்கு இது அழகான விளக்கமாக இருந்தது. அழகான விளக்கங்களுக்கு நேர்வது இதற்கும் நேர்ந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் சாரா ஓ'கானரின் குழு தனித்தனி அணுக்களைப் பிரித்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இடியோபிளாஸ்ட் அணுக்களில் இரண்டும் சேர்ந்தே, அடர்த்தியாகவே இருக்கின்றன. அடுக்களையில் இருவரும் இருந்தும் இணைவு குறைவாகவே நடக்கிறது. எனவே விளக்கம் இன்னொரு அறைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. ஒரு இலைக்குள் இத்தனை நாடகம் என்று ஐம்பது வருடம் செடியோடு வாழ்ந்த தாத்தாவிடம் சொன்னபோது, 'அது பாட்டுக்கு நிக்கும்னுல்லா நெனச்சேன்' என்றார்.

தாவரத்தைத் திருத்தி அதிகமாகச் செய்யவைக்கலாமா என்ற முயற்சிக்கு வருவோம். சாரா ஓ'கானர் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, நித்தியகல்யாணியின் வேர்களை ஆய்வகத்தில் தனியாக வளர்த்து, அவற்றுக்குள் மண் பாக்டீரியாவின் மரபணுக்களைச் செலுத்தினார். குளோரின் அணுவை ஒட்டவைக்கும் நொதிகள் அவை. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், செடியின் வேர் தன் வாழ்நாளில் செய்தறியாத குளோரின் சேர்ந்த ஆல்கலாய்டுகளைச் செய்தது. அதிகம் செய்யவைப்பதைக் காட்டிலும் இது ஒரு படி துணிச்சலானது: செடியைப் புதிய சொற்களை உச்சரிக்கவைப்பது. ஆனால் மருந்தாகும் இரட்டை மூலக்கூறு வேரில் பிறக்காது. வின்டோலின் இலையின் சொத்து. வேர் எவ்வளவு வளர்ந்தாலும் அது வாராது.

அடுத்த தடை, செய்முறையில் இருந்த கிழிந்த பக்கங்கள். ஏறக்குறைய முப்பது படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. கடைசியாகத் தேடப்பட்ட நொதிகளை 2018இல் இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் ஓ'கானரின் குழு கண்டுபிடித்தது. டி லூகாவின் குழுவும் அதே வருடம் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டு அறுபது வருடங்கள் கழித்து அதன் முழுச் செய்முறையும் மனிதர் கைக்கு வந்தது.

செய்முறை கிடைத்தால் வேறு அடுப்பிலும் சமைக்கலாம். ஜே கீஸ்லிங்கின் கலிபோர்னியக் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் ஈஸ்டை அடுப்பாக்கினார்கள். தாவரங்களிலிருந்து 34 மரபணுக்களை அதற்குள் புகுத்தி, ஈஸ்டின் சொந்த மரபணுக்கள் பத்தைத் திருத்தி, 2022இல் அது வின்டோலினையும் கேத்தராந்தைனையும் சுரக்கச் செய்தார்கள். இரண்டையும் வெளியே எடுத்து இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். அதுவரை ஒரு நுண்ணுயிருக்குள் கட்டப்பட்ட உற்பத்திப் பாதைகளில் அதுவே மிக நீண்டது. கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். செய்தித்தாள்கள் 'இனி செடி வேண்டாம்' என்று எழுதின. லிட்டருக்கு மைக்ரோகிராம் என்பதை எழுதவில்லை.

எங்களுக்கு ஈஸ்டைவிட நெருக்கமாகத் தோன்றுவது இன்னொரு அடுப்பு. நிகோடியானா பெந்தாமியானா என்ற, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புகையிலை இனச் செடி. வைரஸ்களை எதிர்க்கும் மரபணுக்களில் ஒன்று அதில் பழுதுபட்டிருக்கிறது. ஆகவே அந்நிய மரபணு நுழைந்தால் பெரிய ரகளை செய்யாமல் ஏற்றுக்கொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் பாக்டீரியாக் கரைசலை எடுத்து, இலையின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்துவார்கள். கரைசல் பரவும் இடம் நனைந்த துணிபோலக் கருமையாகும். சில நாட்களில் அந்த இலை, கொடுக்கப்பட்ட மரபணுக்களின்படி வேலை செய்யத் தொடங்கும். பத்து மரபணுக்களைப் பத்து குப்பிகளில் வைத்துக்கொண்டு, எது யாரோடு சேர்ந்தால் என்ன பிறக்கிறது என்று ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

இதில் தூதுவனாகப் போகும் பாக்டீரியா அக்ரோபாக்டீரியம். இயற்கையில் அது தாவரங்களின் தண்டடியில் கழலை உண்டாக்கும் கிருமி. தன் டி.என்.ஏ.யில் ஒரு துண்டைத் தாவரத்தின் மரபுக்குள் செருகி, அணுக்களைக் கட்டின்றிப் பெருகவைக்கும். 1977இல் மேரி டெல் சில்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் இதை உறுதிசெய்தார்கள். கழலை உண்டாக்கும் மரபணுக்களை அகற்றிவிட்டு, நமக்கு வேண்டியதை அந்த இடத்தில் வைத்து அனுப்புவதே தாவரப் பொறியியலின் பெரும்பகுதி. செடிக்குப் புற்று தருவதைத் தொழிலாகக் கொண்ட கிருமி, மனிதப் புற்றுக்கான மருந்தின் மரபணுக்களைச் சுமந்து போகிறது. அந்தக் கட்டுரையை வாசித்த இரவில் எங்களில் தமிழ் படித்தவர் வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்லியின் குழு இந்த இலையில் செய்தவை முக்கியமானவை. எட்டோபோசைட் என்ற புற்றுமருந்துக்கு மூலப்பொருள் இமயமலையில் அருகிவரும் போடோஃபில்லம் செடியின் வேர்க்கிழங்கு. பிடுங்கிப் பிடுங்கியே அழியும் நிலைக்கு வந்த செடி. அதில் கண்டறியப்படாமல் இருந்த ஆறு நொதிகளைக் கண்டுபிடித்து, முழு வரிசையையும் புகையிலை இனச் செடியின் இலைக்கு மாற்றி, எட்டோபோசைடுக்கு ஒரு படி முந்தைய பொருளை 2015இல் அந்த இலையிலேயே பெற்றார்கள். 2025இல் பாக்லிடாக்செல் மருந்தின் முன்னோடியான பாக்கட்டின் என்ற பொருளையும் அதே இலையில் செய்து காட்டினார்கள். நித்தியகல்யாணியின் தாய்ப்பொருளான ஸ்டிரிக்டோசிடினும் 2022இல் நாரிச் ஆய்வாளர்களால் இவ்விலையில் உருவாக்கப்பட்டது. அங்கே ஒரு வேடிக்கை: புகையிலைச் செடி தன் இலையில் பிறக்கும் அந்நியப் பொருள்களுக்கெல்லாம் சர்க்கரைக் குல்லா மாட்டிவிடுகிறது. தனக்குத் தெரியாததை மூடிவைக்கும் தற்காப்பு. அந்தக் குல்லா தைக்கும் நொதிகளின் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்த பிறகே அளவு கூடிற்று.

இவற்றையெல்லாம் வியந்து வாசித்த நாங்கள் மானாவாரி விவசாயி ஒருவரின் குடும்பமும்கூட. நித்தியகல்யாணி வேண்டாத காலம் வந்தால் சாத்தூர்ப் பக்கத்து மூன்று ஏக்கரில் வேலியில்லாமல் எதை விதைப்பது? ஆர்ட்டெமிசினின் கதையை இதற்கு முன்னுதாரணமாகப் பார்க்கலாம். மலேரியாவுக்கான அந்த மருந்தும் ஒரு செடியிலிருந்து வருவது. அதன் முன்னோடிப் பொருளை ஈஸ்டில் செய்யும் வழியைக் கண்டதும் இதே கீஸ்லிங்கின் குழு. சனோஃபி நிறுவனம் 2013இல் பெரிய அளவில் தயாரிப்பில் இறங்கியது. ஆனால் செடி வளர்த்தவர்களின் சரக்கு அதைவிட மலிவாகச் சந்தையில் கிடைத்தது, 2015இல் அந்த ஆலை எதுவும் தயாரிக்கவில்லை, பிறகு கைமாறிற்று. ஈஸ்டை வென்றது விவசாயியின் திறமை என்று மகிழ இயலாது. அவருக்குக் கிடைத்த விலை அவ்வளவு குறைவு என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

மருந்துத் தட்டுப்பாடு தீரும் என்ற வாதத்தையும் நாங்கள் அப்படியே ஏற்பதில்லை. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெற்றோர்கள் நகரம் நகரமாகத் தொலைபேசியில் தேடினார்கள். காரணம் இலை இல்லாமற்போனதன்று. அங்கே தயாரித்துவந்த இரு நிறுவனங்களில் ஒன்று இலாபம் போதாதென்று நிறுத்திக்கொண்டது. எஞ்சிய ஒன்றில் தாமதம் ஏற்பட்டது. பழைய மருந்து, விலை மலிவு, வாங்குகிறவர்கள் குழந்தைகள். புகையிலை இலையோ ஈஸ்டோ அந்த இடத்தில் ஒன்றும் செய்திருக்காது. போடோஃபில்லம் போல அழிந்துவரும் செடிகளுக்கு இந்த ஆய்வு ஒரு மாற்று வழி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதற்காகவே இதை வரவேற்கிறோம். மெழுகுப் பூச்சில் தங்கிய அந்தக் கேத்தராந்தைனை அறிந்துகொண்டதற்காகவும் வரவேற்கிறோம். நித்தியகல்யாணிக்கு அழிவு அச்சம் கிடையாது. அதை விதைப்பவர்களுக்கு உண்டு.

தாத்தாவிடம் இதையும் மறைக்கவில்லை. தொட்டிக்குள்ளேயே செய்துவிடுவார்களாம் என்றோம். 'புள்ளைகளுக்கு மருந்து கெடைச்சாச் சரி. எனக்கென்ன, எள்ளு போடுவேன்' என்றார். சற்று நேரம் கழித்து, 'எள்ளுன்னா ஆட்டுக்கு வேலி கட்டணும்' என்றார்.

கடந்த வருடம் விடுமுறையில் மகளோடு காட்டுக்குப் போயிருந்தோம். ஆடு தொடாத அந்த இலையை விரல் தடிமன் பச்சைப் புழு ஒன்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் கண்போல இரண்டு நீலப் புள்ளிகள். அரளியையும் இதையும் தின்றே வளரும் ஒரு விட்டில் இனத்தின் புழு அது. மகள் குனிந்து பார்த்து, அன்று காலையிலிருந்து அது எத்தனை கிலோ தின்றிருக்கும் என்று தாத்தாவைக் கேட்டாள். தாத்தா அது இருந்த காம்பைக் கிள்ளி, புழுவோடு வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார்.